குரலுக்கு இட்ட கோலம்



குரலைக் கண்ணால் காண முடியுமா என்பதைப் பற்றிச் சற்று நேரம் உங்களோடு பேசலாம் என்று வந்திருக்கிறேன். இதைப் பேசுவதற்கு வானொலியைக் காட்டிலும் பொருந்தாத இடம் வேறு இல்லை என்று நீங்கள் எண்ணக்கூடும். காண வேண்டிய பொருளைக் காதுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. பக்கத்தில் கரும்பலகையும் இல்லை. வாழ்நாளின் பெரும்பகுதியைச் சுண்ணக்கட்டியோடு கழித்தவனுக்கு அது பெரிய குறைதான். ஆயினும் ஒரு வசதி உண்டு. படத்தைச் சொல்லால் சொல்லிவிட்டு, அதற்குரிய ஒலியை ஒலியாகவே உங்களிடம் கொடுத்துவிடலாம். புத்தகத்தில் எழுதுபவர்களுக்கு அந்த வசதி இல்லை.

நான் குடியிருப்பது திண்டுக்கல்லில், ரயில் சந்திப்புக்கு அருகே உள்ள நாகல் நகரில். சௌராஷ்டிர மக்கள் நிறைந்த பகுதி அது. நெசவு அவர்களுடைய பழந்தொழில். நான் ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்த காலத்தில், விடியற்காலையில் ஒரு தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு தறி பேசும். மிதியை அழுத்தும் ஓசை மந்தமாகக் கேட்கும்; நாடா பாய்ந்து பெட்டியில் மோதும் ஓசை கூர்மையாகக் கேட்கும்; பிறகு ஊடையை நெருக்கி அடிக்கும் ஓசை. மூன்றும் சேர்ந்தால் ஒரு தாளம். ஒரே தெருவில் பத்துத் தறி ஓடினாலும் இரண்டு தறி ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. இன்று அந்தத் தெருக்களில் தறி ஓசை மிகவும் குறைந்துவிட்டது. அதைப் பற்றி வருந்திப் பேசுவது இன்றைய என் வேலை அன்று.

2009ஆம் ஆண்டில் நான் இப்பகுதிப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியராக இருந்தேன். எங்கள் கணித ஆசிரியர் இளமையில் மிருதங்கம் பயின்றவர். ஆண்டு விழா நெருங்கியபோது அவர் என் அறைக்கு வந்து, "சார், இந்த ஆண்டு பாட்டும் வேண்டாம், நாடகமும் வேண்டாம். பன்னிரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வெறும் வாயாலேயே ஒரு நிகழ்ச்சி செய்கிறேன்" என்றார். வாத்தியம் ஒன்றும் கிடையாது; பொருள் தரும் சொல்லும் அதிகம் கிடையாது. முதலில் கொன்னக்கோல். அதன்பின் தறியின் ஓசை, தெருவில் பண்டம் விற்போர் கூவும் குரல், சந்திப்பிலிருந்து புறப்படும் ரயில் வண்டி, மழை. எல்லாம் தொண்டையிலிருந்தே வர வேண்டும். உண்மையைச் சொல்வதானால் எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. விழாவுக்கு வரும் பெற்றோர் பிள்ளைகள் பாடுவதைக் கேட்க விரும்புவார்களேயன்றி, ரயில் வண்டி போல் கத்துவதைக் கேட்க வருவார்களா என்று தயங்கினேன். கணித ஆசிரியர் பிடிவாதக்காரர். நான் இணங்கினேன்.

கொன்னக்கோல் என்பது மிருதங்கத்தின் சொற்களை வாயால் சொல்லும் கலை என்பதை இசை அறிந்த நேயர்கள் அறிவீர்கள். ஒரு காலத்தில் அது கச்சேரியில் தனி இருக்கை பெற்றிருந்தது. மன்னார்குடி பக்கிரியா பிள்ளை போன்றவர்கள் அதனாலேயே புகழ் பெற்றார்கள். அதன் அடிப்படை மிக எளியது. தகிட என்றால் மூன்று, அது திச்ரம். தகதிமி என்றால் நான்கு, அது சதுச்ரம். தகதகிட ஐந்து, கண்டம். தகிட தகதிமி ஏழு, மிச்ரம். தகதிமி தகதகிட ஒன்பது, சங்கீர்ணம். இந்த ஐந்தையும் கூட்டியும் கோத்தும் எத்தனையோ கட்டடங்கள் எழுப்பலாம். கணக்கு வாத்தியாருக்கு அது பிடித்துப்போனதில் வியப்பில்லை.

ஒத்திகை தொடங்கிய இரண்டாம் நாள் ஓர் அம்மையார் என்னைப் பார்க்க வந்தார். எட்டாம் வகுப்பில் படித்த ஒரு மாணவனின் தாய். அந்தப் பையனுக்குப் பிறவியிலேயே காது கேளாது. காதுக் கருவி ஒன்று வைத்திருந்தான். அதனால் கிடைத்த பயன் சொற்பம். அவன் தந்தை சேலைக் கரைகளுக்குக் கட்டத்தாளில் டிசைன் வரைபவர். பையனுக்கும் வரைவதில் நல்ல கை. அந்த அம்மையார் உட்காரவில்லை. நின்றபடியே, "சார், என் பிள்ளைக்கு இந்த வருஷமும் திரை இழுக்கிற வேலைதானா?" என்று கேட்டார்.

எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. மூன்று ஆண்டுகளாக ஒவ்வொரு விழாவிலும் அவன்தான் திரை இழுத்திருக்கிறான். அதை ஒரு பொறுப்பாக எண்ணி நாங்களே கொடுத்தோம். தினமும் காலை வணக்கத்தில் நானூறு பிள்ளைகள் பாடும்போது, அவன் வாயை மூடிக்கொண்டு நேரே பார்த்து நிற்பான். அதையும் நான் தினமும் பார்த்திருக்கிறேன். பார்த்தது மட்டுந்தான்.

அன்று மாலை கணித ஆசிரியரும் நானும் பேசினோம். குரலை எப்படியாவது கண்ணுக்குக் கொண்டுவந்தால் அவனையும் இந்த நிகழ்ச்சியில் சேர்க்கலாம் என்று தோன்றியது. தோன்றியது எளிது, செய்வது எப்படி?

முதலில் அறிவியல் புத்தகங்களில் உள்ள ஒரு சோதனையைச் செய்து பார்த்தோம். கிளாட்னி என்ற ஜெர்மானிய அறிஞர், உலோகத் தகட்டில் மணலைத் தூவித் தகட்டின் ஓரத்தை வில்லால் இழுத்தால் மணல் ஒதுங்கிக் கோலம் போல் வரிகள் விழும் என்று 1787இல் எழுதினார். நூறாண்டு கழிந்து, மார்கரெட் வாட்ஸ் ஹ்யூஸ் என்ற வேல்ஸ் நாட்டுப் பாடகி, ஒரு கிண்ணத்தின் வாயில் ரப்பர்த் தோலைக் கட்டி, அதன்மேல் பொடியைத் தூவி, கீழே ஒரு குழாய் வழியாகப் பாடினார். அவருடைய சுரங்கள் பொடியில் உருவங்களாக விழுந்தன. நாங்கள் ஒரு தகர டப்பாவும் ஒரு பலூனும் கோலப்பொடியும் எடுத்துக்கொண்டோம். பையனைக் கூப்பிட்டு டப்பாவின் அடியில் வாய் வைத்துக் கத்தச் சொன்னோம். கோலப்பொடி துள்ளியது. அவன் நிறுத்தினான், பொடியும் நின்றது. மறுபடியும் கத்தினான். அன்று பள்ளி விடும் வரை அவன் அந்த டப்பாவை விடவில்லை. தன் குரல் உலகத்தில் ஒரு பொருளை அசைக்கிறது என்பதை அவன் அன்றுதான் கண்டான் என்று நினைக்கிறேன்.

ஆனால் அது நிகழ்ச்சிக்கு உதவவில்லை. பொடி துள்ளியதைப் பார்த்து யார் என்ன சொன்னார்கள் என்று எவராலும் திருப்பிச் சொல்ல முடியாதே! கால்தடத்தைப் பார்த்து ஒருவன் நடந்தான் என்று சொல்லலாம். அவன் பேச்சை அறிய முடியாது.

அடுத்து நான் என் அறிவைக் காட்டினேன். உரத்த ஒலிக்குப் பெரிய எழுத்து, மெல்லிய ஒலிக்குச் சிறிய எழுத்து என்று தாளில் எழுதினேன். ஓசை ஏறும்போது எழுத்தும் வரிசையில் ஏறும், இறங்கும்போது இறங்கும். பார்க்க அழகாகவே இருந்தது. பையன் நெடுநேரம் அதைப் பார்த்தான். பிறகு ஓர் எழுத்தின்மேல் விரலை வைத்து, தன் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினான். அவன் கையில் கடிகாரம் இல்லை. 'எப்பொழுது?' என்று கேட்கிறான் என்பது எனக்குச் சற்றுத் தாமதமாகவே விளங்கியது. நான் எழுதியதில் உரப்பு இருந்தது, உயரம் இருந்தது, காலம் இல்லை. கேட்கும் காது உள்ளவனுக்குக் காலம் தானாகவே வந்து சேர்ந்துவிடுகிறது. ஆகவே அது இல்லாததை நான் கவனிக்கவில்லை.

மறுநாள் அவன் வீட்டிலிருந்து தந்தையின் கட்டத்தாள் ஒன்றைக் கொண்டு வந்தான். நெசவு அறியாத நேயர்களுக்கு அதைப் பற்றி ஒரு வார்த்தை. சேலைக் கரையில் ஒரு மயிலோ மாங்காயோ வர வேண்டுமானால், அதை முதலில் சிறு சிறு சதுரங்கள் உள்ள தாளில் வரைவார்கள். ஒவ்வொரு சதுரமும் பாவும் ஊடையும் சந்திக்கும் ஓர் இடம். நிறம் தீட்டிய சதுரத்தில் பாவு உயரும். தீட்டாத சதுரத்தில் படுத்திருக்கும். அதைப் பார்த்து அட்டையில் துளை இடுவார்கள். 1804ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு ஜக்கார்டு செய்த பொறி அந்தத் துளையைப் படித்துத் தறிக்குச் சொல்லும். ஆக, அது வெறும் படம் அன்று, கட்டளை. அதைப் பார்த்து வேறொருவர், வேறோர் ஊரில், அதே மயிலைத் திரும்ப நெய்துவிடலாம்.

பையன் அந்தத் தாளில் ஒரு சதுரத்துக்கு ஓர் அட்சரமாக நிரப்பிக் காட்டினான். கணித ஆசிரியர் தாளைக் கையில் எடுத்ததும் தம்மை அறியாமல் அதை வாய்விட்டுச் சொல்லத் தொடங்கிவிட்டார். அப்பொழுதே எனக்கு நம்பிக்கை வந்தது. எழுதியதைக் கண்டதும் வாய் அசைகிறதென்றால் அங்கே ஏதோ சரியாக அமைந்திருக்கிறது என்றுதானே பொருள்!

இவ்விடத்தில் சற்று நின்று பழைய செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் இசை மரபில் யதி என்று ஒன்று உண்டு. அட்சரங்களின் கூட்டம் வரிசைக்கு வரிசை குறைந்துகொண்டே வந்தால் அது கோபுச்ச யதி. அதாவது பசுவின் வால், மேலே அகன்று கீழே ஒடுங்குவது. சிறிதாய்த் தொடங்கிப் பெருகினால் அது ஸ்ரோதோவக யதி. ஆறு மலையில் நூலாகப் பிறந்து கடல் சேரும்போது அகல்வதைப் போல. இடையில் சிறுத்தால் டமரு. இடையில் பருத்தால் மிருதங்கம். எல்லாம் சமமாக இருந்தால் சமம். ஒழுங்கின்றி இருந்தால் விஷமம். இந்தப் பெயர்களை இட்டவர்கள் ஒலியைக் கண்ணால் கண்டிருக்கிறார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? முத்துசுவாமி தீட்சிதர் ஆனந்தபைரவியில் அமைத்த தியாகராஜ யோக வைபவம் என்னும் கீர்த்தனையில், ஒரு தொடர் முன்னாலிருந்து அசை அசையாகத் தேய்ந்துகொண்டே போய்க் கடைசி அசை ஒன்றில் வந்து நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் வால் தெரியும்.

தமிழ்ப் புலவர்களும் சளைத்தவர்கள் அல்லர். சித்திரகவி என்று ஒரு துறையே வைத்திருந்தார்கள். தண்டியலங்காரம் அதற்கு இலக்கணம் கூறுகிறது. பாம்பின் உடல்போல் எழுத்துகளைப் பின்னி வைப்பது நாகபந்தம். முரசின் வார்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடுவதுபோல் படிக்கும்படி அமைப்பது முரசபந்தம். நான் மாணவனாக இருந்த காலத்தில் நாகபந்தத்தைப் பார்த்து வியந்து, அதைப்போல் ஒன்று எழுத முயன்று ஒரு மாதத்தைப் பாழாக்கியிருக்கிறேன். இன்று என் கருத்து சற்று மாறியிருக்கிறது. நாகபந்தத்தை வாய்விட்டுச் சொன்னால் அதில் பாம்பு கேட்பதில்லை. கண் மட்டும் மகிழ்கிறது. காதுக்கு அது ஒரு சாதாரணப் பாட்டுத்தான். ஏழுகூற்றிருக்கை அப்படியன்று. ஒன்று இரண்டு ஒன்று. ஒன்று இரண்டு மூன்று இரண்டு ஒன்று. இப்படி ஏழு வரை ஏறி ஏறி இறங்குவது அது. திருஞானசம்பந்தரும் திருமங்கையாழ்வாரும் அருணகிரிநாதரும் அதைப் பாடியிருக்கிறார்கள். அடுக்கடுக்காக எழுதினால் தேர் உருவம் வரும். அதைச் சொல்லும்போதே அடுக்குகள் அகல்வது காதுக்கும் தெரியும். ஒன்றில் படம் ஒலியின் மேல் ஒட்டப்பட்டது. மற்றொன்றில் படம் ஒலியிலிருந்து விளைந்தது. புலவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்; வரட்டும்.

மேனாட்டிலும் இந்த முயற்சிகள் உண்டு என்பதை நான் ஓய்வு பெற்ற பிறகே படித்து அறிந்தேன். குர்ட் ஷ்விட்டர்ஸ் என்ற ஜெர்மானிய ஓவியர், பொருளற்ற அசைகளை மட்டுமே கொண்டு ஊர்சொனாட்டே என்றொரு நீண்ட குரல் இசையை ஆண்டுக்கணக்காக உருவாக்கினார். 1932இல் அது அச்சானபோது, எழுத்துக்கலையில் புகழ் பெற்ற சிகோல்ட் பக்கங்களை அமைத்துக் கொடுத்தார். நம்முடைய சொற்கட்டைக் கேட்டிருந்தால் ஷ்விட்டர்ஸ் மிகவும் மகிழ்ந்திருப்பார். அமெரிக்கரான ஜான் கேஜ் 1958இல் காத்தி பெர்பேரியன் என்ற பாடகிக்காக ஆரியா என்னும் ஒன்றை இயற்றினார். அதில் வழக்கமான சுரக் குறிகள் இல்லை, வளைகோடுகள் இருந்தன. இடமிருந்து வலமாகப் போவது காலம். மேலும் கீழும் போவது சுரத்தின் உயர்வு தாழ்வு. கோடுகளின் நிற வேறுபாடுகள் வெவ்வேறு விதமான குரல்களைக் குறித்தன. எந்த நிறத்துக்கு எந்தக் குரல் என்பதைப் பாடகியே முடிவு செய்துகொள்ளலாம். இசையில் சேராத ஓசைகளுக்குக் கறுப்புச் சதுரங்கள்.

இந்த ஜான் கேஜ் 1946இல் நியூயார்க்கில் நம் நாட்டு இசையைக் கேட்டறிந்தது ஒரு குஜராத்திப் பெண்மணியிடம். அகமதாபாத்தில் காலிகோ ஆலையை நடத்திய சாராபாய் குடும்பத்தில் பிறந்த கீதா சாராபாய் அவர். பெண்கள் தொடாத பக்வாஜ் என்னும் தோற்கருவியை வாசிக்கக் கற்றவர். பதிலுக்குக் கேஜிடம் மேனாட்டு இசையைப் பயின்றார். அவருடைய உடன்பிறந்தோரான கௌதமும் கீராவும் முன்னின்று, அகமதாபாத்தில் 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் எழுந்தது. 1969இல் அந்த நிறுவனத்தில், கேஜின் தோழர் டேவிட் டியூடர் மின்னிசைக் கூடம் ஒன்றை அமைத்துக் கொடுத்தார். துணி நெய்த வீட்டிலிருந்து தாளமும், வடிவமைப்பும், புதிய ஓசையும் ஒருசேர வந்தன என்று படித்தபோது, எங்கள் தெருவை நினைத்து எனக்குச் சிறிது பெருமையாக இருந்தது. எங்கள் சௌராஷ்டிர மக்களும் அந்தத் திசையிலிருந்து வந்தவர்கள்தாமே!

இன்னும் ஒருவர் பெயரை மட்டும் சொல்லிவிடுகிறேன். மாசென் என்ற பிரெஞ்சு வடிவமைப்பாளர், அயனெஸ்கோவின் நாடகம் ஒன்றை 1964இல் நூலாக்கினார். ஒவ்வொரு நடிகருக்கும் ஒவ்வோர் எழுத்து வகை. சண்டை முற்றும்போது எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து பக்கத்தையே கறுப்பாக்கிவிடும். நடிகர்கள் பேசாமல் நிற்கும் இடத்தில் பக்கமும் வெறுமையாகவே நிற்கும். அச்சுக்கூலி கொடுத்து வெற்றிடத்தை விட்டிருக்கிறார் அந்த மனிதர். இதை நான் 2009லேயே படித்திருக்க வேண்டும். ஏன் என்பதைச் சொல்கிறேன்.

பள்ளிக்குத் திரும்புவோம். மூன்று வாரங்களில் முழு நிகழ்ச்சியும் கட்டத்தாளில் ஏறியது. ஒரு கட்டம் ஓர் அட்சரம். உரத்த ஒலிக்கு அழுத்தமான நிறம். மெல்லிய ஒலிக்கு வெளிர் நிறம். பன்னிரண்டு பேரையும் மூன்று குழுவாக்கி, மூன்று நிறம். தறி ஓசைக்கு மூன்று விதக் குறிகள்; அவற்றைப் பையனே தன் வீட்டுத் தறியில் கை வைத்துப் பார்த்து அமைத்தான். நாடா மோதும் அதிர்ச்சிக்கு அவன் இட்டது ஒரு கூரிய முக்கோணம். காது கேளாதவன் அந்த ஓசையைக் கூர்மையானது என்று எப்படி அறிந்தான் என்று நான் இன்றும் வியக்கிறேன். ரயில் வண்டிக்கு, இரண்டு குறிகளுக்கு நடுவே முதலில் நான்கு வெறுங்கட்டம், பிறகு மூன்று, பிறகு இரண்டு, பிறகு ஒன்று. தாளைப் பார்த்தாலே வண்டி வேகம் எடுப்பது தெரியும். மழைக்கு மட்டும் எங்களால் நல்ல குறி காண முடியவில்லை. புள்ளிகளைத் தூவி வைத்தோம்; பிள்ளைகள் தங்கள் விருப்பப்படி சொன்னார்கள்.

நிகழ்ச்சியின் நடுப்பகுதியில் கோபுச்சம் ஒன்று வரும். அதை இப்பொழுது சொல்கிறேன். மனத்துக்குள் எண்ணிக்கொண்டே கேளுங்கள்.

தகதிமி தகதகிட
தகிட தகதிமி
தகதகிட
தகதிமி
தகிட

ஒன்பது, ஏழு, ஐந்து, நான்கு, மூன்று. கூட்டினால் இருபத்தெட்டு. ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனத்துக்கு எட்டு எண்ணிக்கை. எண்ணிக்கைக்கு நான்கு அட்சரமாக முப்பத்திரண்டு. மிச்சம் நான்கு. அந்த நான்கும் மௌனம். தகிட என்று முடித்து, நான்கு அட்சரம் வாய் மூடி நின்று, அதன்பின் தறி ஓசையில் புக வேண்டும். பையன் தாளில் கடைசி வரிசையில் மூன்று கட்டங்களுக்கு நிறம் தீட்டி, அதற்குப் பின் நான்கு வெறுங்கட்டங்களைப் பென்சிலால் எல்லை கட்டி வைத்திருந்தான்.

அவனுக்கு நாங்கள் கொடுத்த வேலை என்ன என்பதை இன்னும் சொல்லவில்லை. அரங்கின் நடுவில் நின்று, கட்டங்களின் மேல் கோலை நகர்த்த வேண்டும். கோல் தொடும் கட்டத்தைப் பன்னிரண்டு பேரும் ஒலிப்பார்கள். அவன் வேகமாகப் போனால் அவர்களும் வேகமாகப் போக வேண்டும். நின்றால் நிற்க வேண்டும். கணித ஆசிரியர் நாள்தோறும் அவன் தோளில் தட்டித் தட்டிக் காலத்தைப் பழக்கினார். பலகைமேல் செருப்பில்லாமல் நின்றால் பிள்ளைகள் போடும் தாளம் அவன் காலுக்கு எட்டியது. கோலுக்காக, என் மேசை இழுப்பறையில் பல ஆண்டுகளாக வேலையின்றிக் கிடந்த பிரம்பை எடுத்துக் கொடுத்தேன். அதை அவன் வாங்கும்போது சற்றுச் சிரித்தான்.

விழாவுக்கு முன்நாள், தாளில் இருப்பது அரங்கில் பின்னால் உட்காருவோருக்குத் தெரியாது என்று தோன்றியது. நீளமான காடாத்துணி வாங்கி அதில் பெரிதாக வரைய முடிவு செய்தோம். ஓவிய ஆசிரியர் உறவினர் திருமணத்துக்குப் போயிருந்தார். இரவு நானே உட்கார்ந்து பெயர்த்து வரைந்தேன். கோபுச்சம் வந்ததும் எனக்கு உற்சாகம் பிறந்தது. பசுவின் வால் அல்லவா! ஒன்பது, ஏழு, ஐந்து, நான்கு, மூன்று என்று அழகாக ஒடுங்கி வந்தது. ஆனால் கடைசி வரிசையின் நான்கு வெறுங்கட்டங்களையும் வரைந்தால் வாலின் நுனி மறுபடியும் அகன்று விகாரமாகத் தெரிந்தது. அவற்றில் ஒன்றும் இல்லைதானே, விட்டுவிடுவோம் என்று விட்டுவிட்டேன். நாகபந்தக்காரர்களைச் சற்று முன்பு குறை சொன்னவன் நான் என்பது உங்களுக்கு நினைவிருக்கும்.

விழா நடந்தது. திரையை அன்று வேறொரு மாணவன் இழுத்தான். பையன் பலகைமேல் ஏறி நின்று, துணியைப் பார்த்து, பிரம்பை முதற்கட்டத்தில் வைத்தான். பிள்ளைகள் தொடங்கினார்கள். பெற்றோர் முதலில் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு பிரம்பைப் பார்க்கத் தொடங்கினார்கள். சிறிது நேரத்தில் முன்வரிசைச் சிறுவர்களும் கட்டத்தைப் பார்த்து மெல்ல முணுமுணுப்பது எனக்குக் கேட்டது. கோபுச்சம் வந்தது. தகதகிட. தகதிமி. தகிட. பிரம்பு மூன்றாம் கட்டத்தின் ஓரத்துக்கு வந்தது. அதற்குப் பின் துணியில் ஒன்றும் இல்லை. அடுத்த வரிசை தறி.

அவன் அடுத்த வரிசைக்குப் போகவில்லை. பிரம்பைத் துணியிலிருந்து எடுத்து, எதுவும் வரையாத வெற்றிடத்துக்கு நேரே காற்றில் நிறுத்தி, ஒவ்வோர் அட்சரமாக நகர்த்தினான். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. பன்னிரண்டு பிள்ளைகளும் அவன் கையையே பார்த்துக்கொண்டு வாய் மூடி நின்றார்கள். அரங்கிலும் ஓசை இல்லை. நானூறு பேர் கூடிய இடத்தில் அப்படி ஓர் அமைதியை நான் தலைமையாசிரியனாக இருந்து அதட்டியும் பெற்றதில்லை. பிறகு பிரம்பு கீழே இறங்கி முதல் முக்கோணத்தைத் தொட்டது. தறி ஓடத் தொடங்கியது.

நிகழ்ச்சி முடிந்து நல்ல கைதட்டல் கிடைத்தது. விழாவுக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர் தம் பேச்சில், கூச்சல் போடுவதையும் இப்பொழுது கலை என்கிறார்கள் என்று ஒரு சொல் சொன்னார். இன்னொருவர் என் கையைப் பற்றி, நடுவில் வந்த அந்த மௌனந்தான் உச்சம், அதைத் துணிக்கு வெளியே வைத்தது பெரிய யோசனை என்று பாராட்டினார். நான் ஒன்றும் சொல்லாமல் பாராட்டை வாங்கிக்கொண்டேன்.

எல்லோரும் போன பிறகு துணியை மடிக்க நின்றபோது பையன் வந்து என் கையைப் பிடித்து நிறுத்தினான். துணியை விரித்தான். கோபுச்சத்தின் கடைசி வரிசையைத் தொட்டு நான்கு விரலைக் காட்டினான். கோபம் இல்லை, கணக்குத் தவறிய பிள்ளையிடம் ஆசிரியர் காட்டுவதுபோல் காட்டினான். பிறகு சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, மண்டியிட்டு உட்கார்ந்து, காடாத்துணியின் ஓரத்தில் நான்கு வெறுங்கட்டங்களை அளவு பார்த்து வரைந்தான். அவன் தாய் வாசலில் காத்துக்கொண்டிருந்தார். அவன் முடிக்கும் வரை அவரும் நானும் நின்றோம்.

அவர் இன்று சேலைகளுக்குக் கணிப்பொறியில் டிசைன் அமைக்கும் தொழிலில் இருக்கிறார். வழியில் பார்த்தால் நான்கு விரலைக் காட்டிச் சிரிக்கிறார். துணி என் வீட்டில் இருக்கிறது. சுவரில் மாட்டும் அளவுக்கு எங்கள் வீட்டில் சுவர் இல்லை. பெட்டியில் மடித்து வைத்திருக்கிறேன். இந்தப் பேச்சுக்காக அதை எடுத்து விரித்துப் பார்த்தேன். நான் தீட்டிய வண்ணம் மடிப்பு விழுந்த இடங்களில் உதிர்ந்திருக்கிறது. பென்சில் கோடு மங்கியிருக்கிறது. ஆனாலும் நான்கையும் எண்ண முடிகிறது.